பேரீச்சம்பழப் புளிச் சட்னி: கரண்டியில் ருசி பார்த்தால் போதாது

சமோசாவுக்குத் தொட்டுக்கொள்ளும் இனிப்பும் புளிப்புமான சட்னியைக் கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, அப்படியே சாப்பிட நன்றாக இருக்கிறதே என்று அடுப்பை அணைத்துவிட்டால், சமோசாவோடு சாப்பிடும்போது அது சப்பென்று இருக்கும். கரண்டியில் பார்க்கும்போது இனிப்பு, புளிப்பு இரண்டுமே கொஞ்சம் தூக்கலாகத் தெரிய வேண்டும். மைதா, எண்ணெய், உருளைக்கிழங்கு எல்லாம் சேர்ந்த ஒரு வாய்க்கு அப்போதுதான் அது ஈடு கொடுக்கும். பல வருடங்களாக வீட்டில் இந்தச் சட்னியைச் செய்துவருகிறேன். யாராவது செய்முறை கேட்டால் அளவைச் சொல்வதற்கு முன்னால் இதைத்தான் சொல்வேன். குறிப்புகளில் அளவு இருக்கும், நேரம் இருக்கும். எதோடு சேர்த்து ருசி பார்ப்பது என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது.

நான் சொல்வது புளி, பேரீச்சம்பழம், வெல்லம் மூன்றையும் காய்ச்சி, சுக்கு, வறுத்த சீரகம், கருப்பு உப்பு போட்டு எடுக்கும் கரும்பழுப்புச் சட்னி. சாட் கடையில் பச்சைச் சட்னிக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு பாத்திரம். குஜராத், மும்பைப் பக்கம் பேரீச்சையும் புளியும்தான் இதற்கு ஆதாரம். பேல்பூரிக்கு இது இல்லாமல் முடியாது. டெல்லி, உத்தரப் பிரதேசப் பக்கம் போனால் பல வீடுகளில் புளிக்குப் பதில் ஆம்சூர், அதாவது காய்ந்த மாங்காய்த் தூள் போடுகிறார்கள். உலர் திராட்சை சேர்ப்பார்கள், கல்யாண விருந்துகளில் வாழைப்பழத்தை வட்டமாக நறுக்கி மிதக்க விடுவதும் உண்டு. அந்த ருசி தனி. எனக்குக் கைப்பழக்கம் ஆனது பேரீச்சைச் சட்னி என்பதால் அதை மட்டும் எழுதுகிறேன்.

சென்னைக்கு இந்தச் சட்னி புதிதல்ல. சௌகார்பேட்டையில் மின்ட் ஸ்ட்ரீட் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ராஜஸ்தானிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வந்து தலைமுறை தலைமுறையாக அங்கே வாழும் குடும்பங்களோடு வந்த சாப்பாடு அது. முறுக்குக்கு நடுவில் காய்கறி வைத்துச் சட்னி தடவிக் கொடுக்கும் முறுக்கு சாண்ட்விச் அந்தத் தெருவுக்கே உரியது. நாங்கள் புரசைவாக்கத்தில் குடியிருந்தபோது எதிர் வீட்டில் ஒரு மார்வாடிக் குடும்பம் இருந்தது. ஆன்ட்டி பிறந்ததே சென்னையில்தான். வீட்டில் மார்வாடி, காய்கறிக்காரரிடம் சரளமான மெட்ராஸ் தமிழ். நான் முதல் தடவை செய்த சட்னியை ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய், "ஆன்ட்டி, சரியா இருக்கா பாருங்க" என்று கரண்டியோடு நீட்டினேன். அவர் வாங்கவே இல்லை. "கரண்டியில பாத்தா என்னம்மா தெரியும்? எதுக்குத் தொட்டுக்கப் போறியோ அதை எடுத்துட்டு வா" என்றார். அன்றைக்கு வீட்டில் சமோசா இல்லை. கடைக்குப் போய் வாங்கி வந்துதான் சட்னியைச் சரி பார்த்தோம். புளிப்பு போதவில்லை, உப்பும் போதவில்லை. இரண்டையும் சேர்த்ததும் அதே கிண்ணத்தில் இருந்தது வேறு சட்னி.

சரி, புளியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இந்தச் சட்னியில் கைக்கு அடங்காத பொருள் அதுதான். பெரும்பாலான பழங்கள் பழுக்கப் பழுக்கப் புளிப்பு குறைந்து இனிப்பு ஏறும். புளியம்பழத்தில் இனிப்பு ஏறும், ஆனால் புளிப்பு இறங்காது. அதில் இருக்கும் டார்டாரிக் அமிலம் பழுத்த பிறகும் அப்படியே நிற்கிறது. அதனால் பழுத்த புளியில் சர்க்கரையும் நிறைய, அமிலமும் நிறைய. இனிப்பும் புளிப்புமான சட்னிக்கு இதைவிடப் பொருத்தமான பழம் கிடையாது. ஆனால் மரத்துக்கு மரம், ஊருக்கு ஊர், வருஷத்துக்கு வருஷம் அந்த விகிதம் மாறும். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் புளி ஒரு மாதிரி, கர்நாடகத்துத் தும்கூர்ப் புளி ஒரு மாதிரி. மாசி, பங்குனியில் புதுப்புளி வரும். செம்பழுப்பாக, பிசுபிசுப்பாக இருக்கும். ஒரு வருஷம் வைத்த பழம்புளி கறுத்துப்போய் இறுகி இருக்கும். புதுப்புளியில் சட்னி செய்தால் நிறம் வெளிறி, புளிப்பு 'சுருக்' என்று முன்னால் வரும். பழம்புளியில் நல்ல கருநிறம் வரும், புளிப்பு நாக்கில் மெதுவாக ஏறும். எனக்குப் பிடித்தது பாதிக்குப் பாதி கலந்து போடுவது.

நம் வீடுகளில் மட்டும் வரும் ஒரு விஷயம் இருக்கிறது. வருஷத்துக்கு வேண்டிய புளியைக் கொட்டை எடுத்து, கல்லுப்பு கலந்து, பானையிலோ ஜாடியிலோ அடைத்து வைப்பது நமக்கு வழக்கம். அந்தப் புளியை எடுத்தால் உப்பு ஏற்கெனவே அதில் இருக்கும். கடைசிவரை தனி உப்பு எதுவும் போடாமல் காய்ச்சி, இறக்கும் நேரத்தில்தான் உப்பைத் தொட வேண்டும். பாக்கெட்டில் வாங்கிய புளியிலும் சில சமயம் உப்பு சேர்த்திருப்பார்கள். ஒரு சுளையைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். தாய்லாந்திலிருந்து வரும் இனிப்புப் புளியம்பழம் சூப்பர் மார்க்கெட்டுகளில் ஓட்டோடு பெட்டியில் கிடைக்கிறது. அது அப்படியே சாப்பிடுவதற்கு. இந்தச் சட்னிக்குத் தேவையான புளிப்பு அதில் இல்லை, வாங்காதீர்கள்.

பேரீச்சை சட்னிக்கு இரண்டு வேலை செய்கிறது. இனிப்பைக் கொடுக்கிறது, அதைவிட முக்கியமாகக் கெட்டித்தன்மையைக் கொடுக்கிறது. வெல்லத்தை மட்டும் போட்டுப் புளித்தண்ணீரைக் காய்ச்சினால் கெட்டியாக ஆக்குவதற்குள் பாகாகிவிடும். ஆறிய பிறகு இழுக்கும், ஒட்டும். பேரீச்சையின் நார்ச்சத்து கலந்தால் அது பாகாகாமல் கூழாக நிற்கிறது, சமோசாவின் முனையில் ஒட்டி வழுவழுவென்று வருகிறது. கடைகளில் மாவைக் கரைத்து ஊற்றிக் கெட்டியாக்குவதைப் பார்த்திருக்கிறேன். அது சூட்டில் நன்றாகத்தான் இருக்கும். மறுநாள் தண்ணீர் விட்டுப் பிரிந்து நிற்கும். வீட்டில் அதற்குத் தேவையே இல்லை.

இதற்கு விலை கூடிய பேரீச்சை வேண்டாம். மெத்தென்று, கறுப்பாக, சற்றே நசுங்கிய, அட்டைப் பெட்டியில் வரும் சாதாரணப் பழம் போதும். காய்ந்து சுருங்கியது என்றால் முந்தைய நாள் இரவே வெந்நீரில் ஊறட்டும். 'விதை நீக்கியது' என்று பாக்கெட்டில் அச்சடித்திருந்தாலும் ஒவ்வொரு பழத்தையும் விரலால் பிளந்து பாருங்கள். அரைக் கொட்டை ஒன்று மிக்ஸியில் விழுந்தால் பிளேடும் போகும், பொடியான சில்லுகள் சட்னி முழுவதும் கலந்துவிடும். பிளக்கும்போதே உள்ளே பூச்சி, பூஞ்சைத் தூள் இருக்கிறதா என்றும் தெரிந்துவிடும்.

வெல்லத்தில் பளிச்சென்று வெளிர் மஞ்சளாக இருப்பதை எடுக்காதீர்கள். அந்த நிறத்துக்காகக் காய்ச்சும்போது சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் போட்டு வெளுக்க வைப்பதுண்டு. நமக்கோ சட்னி கறுப்பாகத்தான் வர வேண்டும். பாகுவெல்லம் என்று கேட்டால் கொடுக்கும் கருந்தங்க நிற வெல்லம் இதற்கு மிகவும் நன்றாக இருக்கும். கருப்பட்டி போட்டும் செய்திருக்கிறேன். அருமையான வாசனைதான், ஆனால் அந்த வாசனை சுக்கையும் சீரகத்தையும் முழுங்கிவிடுகிறது. கருப்பட்டிதான் வேண்டும் என்றால் வெல்லத்தில் கால் பங்கு மட்டும் மாற்றிப் பாருங்கள். எந்த வெல்லமானாலும் மண் இருக்கும். தனியாகக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டித்தான் சேர்க்க வேண்டும். கூழோடு கலந்த பிறகு மண்ணைப் பிரிக்க வழியே இல்லை.

கருப்பு உப்பு வாங்கும்போது கவனம் வேண்டும். மளிகைக் கடையில் கேட்டால் இந்துப்பை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இரண்டும் வேறு. கருப்பு உப்பு என்பது உப்புப் பாறையைக் கரியோடும் கடுக்காய், நெல்லிக்காய் போன்றவற்றோடும் சூளையில் சுட்டு எடுப்பது. கட்டியாக இருக்கும்போது கறுப்பு, பொடித்தால் இளஞ்சிவப்பும் சாம்பலும் கலந்த நிறம். அதனால்தான் குழப்பம் வருகிறது. முகர்ந்து பார்த்தால் சந்தேகமே வராது. கந்தக வாசனை அடிக்கும், அவித்த முட்டை நெடி. சாட் கடை வாசனை என்று நாம் நினைப்பதில் பாதி அதுதான். அந்த வாசனை கொதியில் பறந்துவிடும், ஆகவே அடுப்பை அணைத்த பிறகுதான் இதைப் போட வேண்டும்.

சுக்கை முழுசாக வாங்கி, மேல்தோலைச் சுரண்டிவிட்டு இடித்துக்கொள்வது என் பழக்கம். "சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். மருத்துவக் காரணம் ஒரு பக்கம் இருக்கட்டும், தோலில் ஒட்டியிருக்கும் மண்ணும் தூசியும் போவதே பெரிய லாபம். இடித்த தூளைச் சலித்துப் போடுங்கள். சுக்கு நார் கூழில் கரையாது, தொண்டையில் குத்தும்.

இனி செய்முறை. விதை நீக்கிய புளி 100 கிராம், விதை நீக்கிய பேரீச்சை 150 கிராம், வெல்லம் 150 கிராம், மொத்தத் தண்ணீர் 600 மில்லி. காஷ்மீரி மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன், சுக்குத்தூள் முக்கால் டீஸ்பூன், வறுத்து இடித்த சீரகம் ஒன்றரை டீஸ்பூன், கருப்பு உப்பு 1 டீஸ்பூன், சாதா உப்பு அரை டீஸ்பூனில் தொடங்கிப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம். இதில் அரை லிட்டருக்குச் சற்றே அதிகமாகச் சட்னி வரும்.

புளியைக் கழுவி, தண்ணீரில் பாதியைக் கொதிக்க வைத்து ஊற்றி, மூடி அரை மணி நேரம் வைத்துவிடுங்கள். அவசரமென்றால் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் புளியும் பேரீச்சையும் தண்ணீரும் சேர்த்துக் குக்கருக்குள் வைத்து இரண்டு விசில் விடலாம். அலுமினியக் குக்கரில் நேரடியாகப் புளியைப் போட்டு வேகவைக்காதீர்கள். புளியின் அமிலம் அலுமினியத்தைக் கரைக்கும். ருசியிலும் உலோக வாடை தெரியும். ஈயம் பூசாத பித்தளையும் செம்பும் கூடவே கூடாது. ரசம் வைத்த தலைமுறைகளுக்கு ஈயம் பூசுவதன் அருமை தெரிந்திருந்தது. இந்தச் சட்னி ரசத்தைவிடப் பல மடங்கு புளிப்பு, அதோடு நெடுநேரம் கொதிக்கிறது. அடி கனமான எவர்சில்வர் பாத்திரம்தான் சரி.

ஊறிய புளியைக் கையால் நன்றாகப் பிசைந்து, இரும்பல்லாத சல்லடையில் போட்டு, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்க்க வேண்டும். டீ வடிகட்டி பயன்படாது, அதில் தண்ணீர்தான் இறங்கும். நமக்கு வேண்டியது சதை. சல்லடையின் அடிப்பக்கத்தில் ஒட்டி நிற்கும் கூழை வழித்து எடுப்பதை மறக்காதீர்கள், அங்கேதான் நிறையச் சேர்ந்திருக்கும். மிஞ்சிய சக்கையில் இன்னும் கொஞ்சம் வெந்நீர் விட்டு இரண்டாம் முறையும் தேய்க்கலாம். அதற்குப் பிறகும் தூக்கிப்போட வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்குக்கு அந்தச் சக்கையைவிட நல்ல துலக்கும் பொருள் எது?

பேரீச்சையைத் தனியாக மைய அரைத்து, அதையும் அதே சல்லடையில் தேய்த்துவிடுங்கள். சிலர் புளியையும் பேரீச்சையையும் சேர்த்தே அரைக்கிறார்கள். வேலை குறைவுதான். ஆனால் புளியில் ஒரு துண்டு ஓடோ, ஒரு கொட்டையோ தப்பியிருந்தால் அதுவும் சேர்ந்து அரைபட்டு, காரணம் தெரியாத துவர்ப்பு வந்துவிடும். துவர்ப்பை எதைப் போட்டும் மறைக்க முடியாது. தனித்தனியாகச் செய்வதற்கு ஆகும் அந்தப் பத்து நிமிஷம் வீண் போகாது.

இப்போது புளிக்கூழை மட்டும் முதலில் அடுப்பில் ஏற்றுங்கள். மிளகாய்த்தூள் சேர்த்து, பச்சை வாசனை போகும்வரை ஏழெட்டு நிமிஷம் கொதிக்கட்டும். நம் புளிக்குழம்புக்குச் செய்வதுதான் இது. இங்கேயும் அதே காரணம். பச்சைப் புளி வாசனை போகாமல் வெல்லத்தைப் போட்டுவிட்டால், அப்புறம் எவ்வளவு காய்ச்சினாலும் ஒரு முரட்டு நெடி உள்ளே தங்கிவிடுகிறது. வாசனை மாறியதும் பேரீச்சை விழுது, பிறகு வடிகட்டிய வெல்லக் கரைசல். வெல்லத்தை ஒரேயடியாக ஊற்றாமல் கால் பங்கை நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் புளி எப்படிப்பட்டது என்று எந்தக் குறிப்புக்கும் தெரியாது. கடைசியில் இனிப்பைக் கூட்டுவது சுலபம்; போட்டுவிட்ட வெல்லத்தை எடுக்க முடியாது.

கூழ் கெட்டியாகத் தொடங்கியதும் குமிழ் பெரிதாக எழும்பி வெடிக்கும். எரிமலை மாதிரி ஒரு சொட்டு மேலே தெறித்துக் கையில் விழும், வெல்லம் கலந்ததால் ஒட்டிக்கொண்டு சுடும். தீயைக் குறைத்து, மூடியைப் பாதி சாய்த்து வைத்து, நீளமான மரக்கரண்டியால் கிளறுங்கள். குழந்தைகள் அந்த நேரத்தில் அடுப்புப் பக்கம் வர வேண்டாம். அடியைச் சுரண்டிச் சுரண்டிக் கிளற வேண்டும், பேரீச்சைச் சதை அடியில் தங்கிப் பிடிக்கும். எல்லாம் சேர்ந்த பிறகு சிறுதீயில் பதினைந்திலிருந்து இருபது நிமிஷம் ஆகும்.

எப்போது இறக்குவது என்பதற்கு ஒரு சின்ன எவர்சில்வர் தட்டை முன்கூட்டியே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். ஒரு சொட்டைத் தட்டில் விட்டு அரை நிமிஷம் பொறுத்துச் சாய்த்தால், அது ஓடாமல் சோம்பலாக நகர வேண்டும். விரலால் நடுவில் கோடு இழுத்தால் கோடு உடனே மூடக் கூடாது. பாத்திரத்தில் சூடாக இருக்கும்போது பார்ப்பதற்கு நீர்த்தாற்போலத்தான் இருக்கும். அதைப் பார்த்து இன்னும் காய்ச்சிக்கொண்டே போனால் ஆறிய பிறகு லேகியமாகிவிடும்.

இறக்கிய பிறகுதான் சுக்கு, சீரகம், கருப்பு உப்பு. சீரகத்தை வெறும் வாணலியில் ஒரு படி நிறம் இருளும்வரை வறுங்கள். தாளிப்பில் பொரிவதைவிடச் சற்று அதிகமாக, ஆனால் கறுக்காமல். கறுத்தால் கசக்கும். சூடு ஆறியதும் உரலில் ஒன்றிரண்டாக இடித்தால் போதும். கடையில் வாங்கும் சீரகத்தூள் வறுக்காதது, அதைப் போட்டால் சட்னியில் குழம்பு வாசனை வரும்.

இனி ருசி பார்ப்பது. சூடாக இருக்கும்போது இனிப்பு தூக்கித் தெரியும், ஆறிக் குளிர்ந்ததும் அதே இனிப்பு அடங்கிவிடும். இது நம் நாக்கின் இயல்பு. காபி ஆறும்போது சர்க்கரை போதாததாகத் தோன்றுவதும் இதனால்தான். ஆகவே ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து, முழுசாக ஆறவிட்டு, அப்புறம்தான் நிறுத்தி வைத்த வெல்லத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். எதற்குத் தொட்டுக்கொள்ளப் போகிறோமோ அதை ஒரு துண்டு கையில் வைத்துக்கொள்ளுங்கள். சமோசாவின் உருளைக்கிழங்குப் பூரணத்தில் ஆம்சூர் போட்டிருந்தால் அங்கேயே புளிப்பு இருக்கிறது, சட்னியில் இனிப்பு ஒரு பிடி முன்னால் நிற்கலாம். மிளகாய் பஜ்ஜிக்கு இனிப்பு இன்னும் நன்றாக முன்னால் வர வேண்டும், காரத்தை அதுதான் தணிக்கும். தயிர்வடைக்கு மேல் ஊற்றுவதென்றால் தயிரின் புளிப்பு சேரும். அங்கே சட்னியில் புளியைக் குறைத்து, சுக்கைக் கூட்டுவேன். வாழைக்காய் பஜ்ஜிக்கு நாம் தேங்காய்ச் சட்னிதான் வைப்போம். ஒருமுறை இதைத் தொட்டுப் பாருங்கள், வாழைக்காயின் மாவுத்தன்மைக்கு இந்தப் புளிப்பு அவ்வளவு பொருத்தம். மசால் வடைக்கு எனக்கு இது ஒத்துவருவதில்லை. சோம்பும் சீரகமும் ஒன்றோடொன்று மோதுகின்றன.

உப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சட்னி 'ஏதோ குறைகிறது' என்று தோன்றும்போது பெரும்பாலும் கை வெல்லத்துக்குப் போகும். முதலில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுப் பாருங்கள். உப்பு துளி ஏறினாலே இனிப்பு தெளிவாகத் தெரியும், கசப்பு பின்னால் போகும். எங்கள் வீட்டில் சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடி செய்யும்போது அம்மா வெல்லத்தைப் போட்டுவிட்டு உப்பை விரல் நுனியில் எடுத்துப் போடுவார். பாலக்காட்டுப் பக்கத்துப் புளி இஞ்சியிலும் இதே கணக்குதான். வெல்லமும் புளியும் சேரும் இடத்தில் உப்பு எவ்வளவு என்பது நமக்குப் பழகிய விஷயம். வடக்கத்திச் சட்னி என்று தயங்கி அந்தக் கைப்பக்குவத்தை ஒதுக்கி வைக்காதீர்கள்.

இனிப்பு கூடிவிட்டால் இன்னும் புளியைக் கரைத்து ஊற்றாதீர்கள். அதை மறுபடியும் பச்சை வாசனை போகக் கொதிக்க வைக்க வேண்டும். அரை டீஸ்பூன் ஆம்சூர் தூளோ, ஆறிய சட்னியில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறோ போதும். புளிப்பு கூடினால் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றி ஒரு கொதி விடுங்கள். உப்பு கூடிவிட்டால் நாலைந்து பேரீச்சையை அரைத்துச் சேர்த்து, தேவையான தண்ணீர் விட்டுக் காய்ச்சினால் சரியாகும்.

எங்கள் வீட்டில் அப்பாவுக்குச் சர்க்கரை நோய். "வெல்லம்தானே, பேரீச்சம்பழம் உடம்புக்கு நல்லதுதானே" என்று சொல்லிப் பெரியவர்களுக்கு இதைத் தாராளமாகப் பரிமாறுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. இரத்தத்துக்குள் போனால் வெல்லமும் பேரீச்சையும் சர்க்கரைதான். அவருக்கு ஒரு டீஸ்பூன், அதுவும் பச்சைச் சட்னியோடு கலந்து. அதைக் கேட்காமலே அளந்து தட்டில் வைத்துவிடுவது நல்லது. மேஜையில் கிண்ணத்தோடு வைத்துவிட்டுப் பிறகு "போதும்ப்பா" என்று தடுப்பது அவருக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்.

பத்திரப்படுத்துவதற்குக் கண்ணாடிப் பாட்டில். வெந்நீரில் கொதிக்க வைத்து, வெயிலில் ஈரமில்லாமல் காய வைத்தது. தகர மூடி வேண்டாம், புளிப்பு பட்டுத் துருப்பிடிக்கும். அமிலமும் சர்க்கரையும் சேர்ந்திருப்பதால் கிருமி எளிதில் வளராது. ஆனாலும் பூஞ்சைக்கு அந்தப் பாதுகாப்பு போதாது. சென்னை வெயிலில் வெளியே ஒரு நாளுக்கு மேல் வைக்க மாட்டேன். ஃப்ரிட்ஜில், ஈரமில்லாத கரண்டி போட்டு எடுத்தால் மூன்று வாரம் தாராளமாக இருக்கும். மேலே வெள்ளையாகவோ பச்சையாகவோ ஒரு புள்ளி தெரிந்தாலும் அந்த இடத்தை மட்டும் வழித்து எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடாதீர்கள், பாட்டில் முழுவதையும் கொட்டிவிடுங்கள். அதிகமாகச் செய்தால் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, கட்டிகளை ஒரு டப்பாவுக்கு மாற்றி ஃப்ரீசரில் வைக்கலாம். இரண்டு பேருக்கு மாலை டிபனுக்கு இரண்டு கட்டி போதும். சர்க்கரை நிறைய இருப்பதால் கல்லாக உறையாது, கரண்டியால் எடுக்க வரும்.

எப்போதும் கெட்டியாகவே செய்து வைத்துக்கொள்ளுங்கள். தொட்டுக்கொள்ள அப்படியே எடுக்கலாம். பேல்பூரிக்கோ தயிர்வடைக்கோ வேண்டுமென்றால், தேவையான அளவை மட்டும் தனியாக எடுத்துக் கொதித்த தண்ணீர் விட்டு நீர்க்க வைத்து, உப்பைச் சரி பார்த்துக்கொள்ளலாம். பச்சைத் தண்ணீர் விட்டால் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

வளைகாப்பு, பிறந்தநாள் என்று கூட்டத்துக்குச் செய்யும்போது நாலு மடங்குப் பொருளுக்குத் தண்ணீரையும் நாலு மடங்காக ஊற்றாதீர்கள். பெரிய பாத்திரத்தில் ஆவியாவது அந்த அளவுக்கு அதிகரிக்காது, மூன்று மடங்கில் நிறுத்துங்கள். அப்படியும் காய்ச்சும் நேரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். அகலமான, உயரம் குறைந்த பாத்திரம் என்றால் சீக்கிரம் வற்றும். கருப்பு உப்பையும் சீரகத்தையும் அன்று காலையில் போட்டுக்கொள்ளலாம், காய்ச்சும் வேலையை முந்தைய நாளே முடித்துவிடுங்கள். ஒரு இரவு இருந்தால் சுக்கு நன்றாக இறங்கும் என்பதால் அதை மட்டும் முதல் நாளே சேர்த்துவிடலாம்.